ரேகை விழாத விரல்

இது நான் கண்ணால் பார்த்தது இல்லை. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் வக்கீல் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்யும் பவுன்ராஜ் அண்ணன் சொன்னது. நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் மாதம், எதற்கெடுத்தாலும் பயந்துகொண்டிருந்தபோது சொன்னார். அவரும் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டிருக்கிறார். அவர் விட்ட இடங்களை நான் நிரப்பவில்லை.

*

"மேடம், ரேகை விழ மாட்டேங்குது" என்றார் சவரிமுத்து.

அவர் இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து சட்டம் படித்தார். வக்கீல் உலகம்மாளிடம் ஜூனியராகச் சேர்ந்தார். சீனியர் ஜூனியரைவிட எட்டு வயது இளையவர். சவரிமுத்து அவரை மேடம் என்பார். உலகம்மாள் இவரை அண்ணாச்சி என்பார்.

ஐப்பசி மாதம். காலையிலிருந்து மழை. மின்சாரம் இல்லை. தண்ணீருக்குள் இருப்பதுபோல அறை சாம்பல் நிறத்தில் இருந்தது.

பெஞ்சில் முப்புடாதி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயதிலிருந்து பீடி சுற்றுகிறவள். அப்பா விட்டுப்போன வீட்டில் பங்கு கேட்டுத் தம்பிகள் இருவர் மேல் வழக்குப் போட்டிருந்தாள். இன்றைக்கு ராஜி, அதாவது சமரச மனுத் தாக்கல். மூன்று மாதமாக எதிர்த்தரப்பு வக்கீலிடம் நடையாக நடந்து, பேசி, எழுதி முடித்தவர் சவரிமுத்துதான்.

"ரெண்டு வருஷமாச்சு, என்னை ஒரு கேஸ்ல பேச விடலியே மேடம்" என்று அவர் அடிக்கடி கேட்பார். இந்த ராஜியைத் தாக்கல் செய்யும்போது நீதிபதி முன் தானே எழுந்து நிற்கலாம் என்று நினைத்திருந்தார்.

ஒத்திகை பார்த்த தாளில் மூன்று நீலத் திட்டுகள் இருந்தன. கோடு ஒன்றுகூட இல்லை.

"மை சரியில்லையா?" என்றார் உலகம்மாள்.

"புது மை. நேத்துதான் வாங்கினேன்."

"அப்ப?"

"விரலுதான் மேடம். சுத்திச் சுத்தித் தேஞ்சு போச்சு."

முப்புடாதி விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "ரேஷன் கடையிலயும் இப்படித்தான் வக்கீலம்மா. அந்த மிஷினு என்னைய நான் இல்லைன்னு சொல்லுது."

உலகம்மாள் சிரிக்கவில்லை.

"மை ஒண்ணு. விரல் ஒண்ணு. மூணாவது ஒண்ணு இருக்கே அண்ணாச்சி."

"என்னது மேடம்?"

உலகம்மாள் ராஜி மனுவைத் தொட்டுக் காட்டினார்.

"கடைசி வரியைப் படிங்க."

சவரிமுத்து படித்தார். "மேற்கண்ட வாசகங்கள் வாதிக்கு என்னால் படித்துக் காட்டப்பட்டு, அவர் நன்கு புரிந்துகொண்டு, என் முன்னிலையில் தமது இடது பெருவிரல் ரேகையை வைத்தார்."

"கீழ யாரு கையெழுத்து?"

"என்னதுதான்."

"எப்பப் போட்டீங்க?"

"நேத்து."

"இவங்க எப்ப வந்தாங்க?"

சவரிமுத்து பெஞ்சைப் பார்த்தார்.

"அது எல்லா மனுவுலயும் வர்ற வரிதானே மேடம். நான் எழுதினதுகூட இல்ல. பவுன்ராஜே அடிச்சிருவாரு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பவுன்ராஜ் இருமினார்.

"படிங்க" என்றார் உலகம்மாள்.

*

சவரிமுத்து எழுந்து நின்று படித்தார். காலை அணிவகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோலப் படித்தார். பத்தரைக்கு நீதிபதி வந்துவிடுவார். மொத்தம் நான்கு பக்கம்.

முப்புடாதி கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் இலை இல்லை, தூள் இல்லை. விரல்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றி, மடித்து, கட்டி, வைத்து. மறுபடி சுற்றி.

"கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் ஐயா. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேக்க மாதிரி இருந்துச்சு. வாய் வலிச்சிருக்கும். ஒரு டீ சொல்லட்டுமா?"

பவுன்ராஜ் சிரித்துவிட்டார். தான் சிரித்ததையும் என்னிடம் மறைக்கவில்லை.

உலகம்மாள் மனுவை வாங்கி முப்புடாதியின் மடியில் வைத்தார். தலைகீழாக வைத்தார்.

"இப்ப நீங்க படிங்கம்மா."

"நானா? எனக்கு எழுத்தே தெரியாதே தாயி."

"கண்ணைத் திறக்க வேண்டாம். அப்படியே படிங்க."

முப்புடாதி தாளைத் தடவினாள்.

"பின்கட்டு ரூமு எனக்கு" என்றாள்.

"ம்."

"வடக்கு மூலையில சொட்டும். அங்கன ஒரு சட்டி வச்சிருக்கு. ஜன்னலுக்கு வெளிய முருங்கை நிக்கி. சாயந்தரம் வெயிலு அதுவழியா வந்து முறத்து மேல விழுது. இலை வெட்ட நல்ல வெளிச்சம். நான் உக்காந்திருக்கேன். எம்மவ பேச்சி பக்கத்துல இருக்கா."

"ம்."

"அவளுக்குக் காலு வராதுல்லா. பிடிச்சு நடக்கச் சுவரோரமா ஒரு கட்டை அடிச்சிருக்கு. அந்தக் கட்டை வழவழன்னு ஆயிட்டுது."

வெளியே வண்டி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அறைக்குள் யாருக்கும் அது கேட்கவில்லை. எல்லோரும் அந்த வீட்டில் இருந்தார்கள். சட்டியில் சொட்டு விழும் சத்தம் தனக்கே கேட்டது என்று பவுன்ராஜ் சொன்னார்.

"பொறவு நான் இல்ல" என்றாள் முப்புடாதி. "சட்டி இருக்கு. முருங்கை இருக்கு. பேச்சி இருக்கா, அதே இடத்துல. யாரும் அவள எந்திரின்னு சொல்லல."

சவரிமுத்து குனிந்து அவள் மடியில் தலைகீழாகக் கிடந்த தாளைப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். அவர் எழுதியதுதான். ஆனாலும் தேடினார்.

மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

வாதி தமது ஆயுட்காலம் வரை மட்டும்.

"அம்மா" என்றார். இந்தமுறை குரல் அணிவகுப்புக் குரலாக இல்லை. "பேச்சி இதுல இல்ல."

"இல்லைன்னா?"

"நீங்க இருக்கிற வரைக்கும்தான் அந்த ரூமு. அப்புறம் தம்பிங்களுக்குப் போயிரும்."

முப்புடாதி கண்ணைத் திறந்தாள்.

"அப்ப அவ?"

சவரிமுத்து அவள் மடியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டார்.

"இதையா ஐயா அவ்வளவு அழகாப் படிச்சீங்க?"

*

மணி பத்தேகால்.

"மேடம்" என்றார் சவரிமுத்து. "ராஜி போடலைன்னா ஜட்ஜுகிட்ட என்ன சொல்ல? இதுதான் கடைசி வாய்தான்னு போன தடவையே சொல்லிட்டாரு. கேஸைத் தள்ளிட்டாருன்னா ரூமும் போச்சு, இவங்க நடுத்தெருவுக்கு வந்துருவாங்க. நீங்க வந்து பேசுங்க."

உலகம்மாள் எழுந்தார். ஆணியில் தொங்கிய இரண்டு கறுப்பு அங்கிகளில் ஒன்றை எடுத்தார். அது அவருடையது இல்லை.

"ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தீங்கல்லா" என்றார்.

சவரிமுத்து அங்கியைப் போட்டுக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த துணியை நனைத்து, முப்புடாதியின் பெருவிரலைப் பிடித்துத் துடைத்தார். நீலம் போகவில்லை. மறுபடி துடைத்தார்.

"விடுங்க ஐயா. அது போறப்பப் போகும்."

இருவரும் ஒரே குடையில் எதிரே நடந்தார்கள்.

உள்ளே அவர் என்ன பேசினார் என்று பவுன்ராஜுக்குத் தெரியாது. கேஸ் தள்ளுபடி ஆகவில்லை. அது மட்டும் தெரியும். அதற்கு ஏழு மாதம் கழித்து வேறொரு ராஜி போட்டார்கள் என்றார்.

*

போன வாரம் அந்த இரண்டாவது ராஜிக்கு நகல் மனுப் போட்டு வாங்கினேன். ஐந்து பக்கம். பேச்சியம்மாள் என்ற பெயர் பதினோரு இடத்தில் வருகிறது. கடைசிப் பக்கத்தில் ரேகை இருக்க வேண்டிய இடத்தில் கோடு இல்லாத ஒரு கறுப்பு வட்டம். அதன் கீழே அச்சடித்த வரியை அடித்துவிட்டு, பேனாவால் எழுதியிருக்கிறது:

"வாதிக்கும் அவர் மகளுக்கும் படித்துக் காட்டத் தொடங்கியது காலை 10.10. முடித்தது பகல் 1.25. சவரிமுத்து, வழக்கறிஞர்."

நானும் அந்த ஐந்து பக்கத்தையும் சத்தமாக, நிதானமாகப் படித்துப் பார்த்தேன்.

ஒன்பது நிமிடம் ஆனது.