ஒரு முழம் கம்பி

“இதுவும் குப்பை!”

கிளீட்டஸ் ஆன்டெனாவை மேஜை மேல் எறிந்தார். மேஜையில் இருந்த ஸ்குரூவெல்லாம் தரையில் சிதறியது.

“பொறுக்குங்க,” என்றாள் எமல்டா.

“என்னது?”

“ஸ்குரூவை. பொறுக்கிட்டுப் பேசுங்க.”

பொறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கினார்.

எமல்டா மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பவள். செட்டில் பேசத் தெரியாதவர்களுக்குப் பேசவும் கற்றுக் கொடுப்பாள். அதனால் எல்லோருக்கும் டீச்சர். வயது முப்பதுகூட ஆகவில்லை. மகள் வயதுக்காரியிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று கிளீட்டஸுக்குக் கோபம். அப்பா வயதில் ஒருவர் சொன்னதைச் செய்யாமல் வந்து நிற்கிறாரே என்று அவளுக்குக் கோபம்.

“மூணு ஆன்டெனா மாத்தியாச்சு டீச்சர். எது நல்ல ஆன்டெனா? அதை மட்டும் சொல்லுங்க.”

“எதைக் கேட்கணும்?”

“எல்லாத்தையும்.”

“அப்போ இதே போதும். இது கப்பலைக் கேட்கும், ஏரோப்ளேனைக் கேட்கும், ஊர்ல இருக்கிற எல்லா செட்டையும் கேட்கும். ஒண்ணையும் ஒழுங்காக் கேட்காது.”

கிளீட்டஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்க மகன் குரலு.”

“இதைச் சொல்லத்தான் இவ்வளவு கூப்பாடா?”

மகன் பெயர் ஆல்ட்ரின். அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு சித்தப்பா பெலிக்ஸின் படகில் ஏறிப் போய்விட்டான். கிளீட்டஸுக்கும் தம்பி பெலிக்ஸுக்கும் பேச்சு கிடையாது. வீடு மட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

போனவன் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. மீனைக் கொச்சியில் இறக்கிவிட்டு அங்கிருந்தே கப்பல் வேலைக்குப் போகிறான். கொச்சிக்குப் போகிற வழியில் படகு இந்தக் கரையைத் தாண்டும். முன்னால் வந்த ஒரு படகில் சொல்லி அனுப்பியிருந்தான்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் லைட்ஹவுஸுக்கு நேரா வருவோம். வயர்லெஸ்ல பேசுவேன். அப்பா கேட்டாக் கேட்கட்டும்.”

போனில் பேசலாமே என்று கேட்காதீர்கள். அப்பா கூப்பிட்டால் மகன் எடுப்பதில்லை. அப்பா கூப்பிடுவதும் இல்லை.

கிளீட்டஸ் வீட்டில் இருப்பது ஸ்கேனர். அது சேனல் சேனலாகத் தாவிப் போகும், எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும். கேட்கலாம். திருப்பிப் பேச முடியாது. அது ஆல்ட்ரினுக்குத் தெரியும். அப்பா குறுக்கே பேச முடியாத ஒரே இடம் அதுதான்.

“வெள்ளிக்கிழமை இங்க வந்திருங்க,” என்றாள் எமல்டா. “எனக்க செட்டுல மணி மாதிரி கேட்கும்.”

“துறைமுகம் முழுக்க நின்னு வேடிக்கை பார்க்கவா? முடியாது. எனக்க வீட்டுல வச்சுதான் கேட்பேன்.”

எறிந்த ஆன்டெனாவை எடுத்தாள். ஆள் உயரம் இருந்தது. இடுக்கியில் பிடித்து ரம்பத்தை வைத்தாள்.

“ஏய், ஏய்! அறுக்காதீங்க! இருக்கிறதிலேயே பெரிசு அது!”

அறுத்துவிட்டாள். கையில் ஒரு துண்டுக் கம்பி மிஞ்சியது.

“இவ்வளவுதானா?”

“ஒரு முழம். படகு பேசுற சேனலுக்கு இதுதான் அளவு.”

“பூ வாங்குற முழமா?”

“பூக்காரி முழம் இல்லண்ணே. அது குறையும். இது ஸ்கேல் வச்சு அளந்த முழம்.”

அடியில் நாலு சின்னக் கம்பிகளைச் சாய்த்து வைத்துப் பற்றவைத்தாள். கேபிளை மாட்டினாள்.

“மாடியில வைங்க. காலையில நான் துறைமுக செட்டுல வானிலை வாசிப்பேன். அதே குரல், அதே இடம், அதே நேரம். அதைக் கேட்டு அளந்து பாருங்க. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க.”

“சரி.”

“என்ன சொன்னேன்?”

“காது கேட்குது டீச்சர். ஒண்ணை மட்டும்.”

மறுநாள் காலை மறுபடி வந்தார். இந்த முறை எறியவில்லை. வாசலில் நின்றே கத்தினார்.

“முழக் கம்பியாம் முழக் கம்பி! முன்னாடி கொஞ்சமாவது கேட்டுச்சு. இப்போ நீங்க புயலுன்னு சொன்னீங்களா, வெயிலுன்னு சொன்னீங்களான்னே தெரியல!”

“என்ன மாத்தினீங்க?”

“ஆன்டெனா.”

“அப்புறம்?”

“கேபிளு. பழசு நீளம் பத்தல. வீட்டுல கிடந்த டிவி கேபிளை ஒட்டுப் போட்டேன்.”

“அப்புறம்?”

“மாடியில வலது மூலையில இருந்தது. இடது மூலைக்கு மாத்தினேன்.”

“எதனால கெட்டுச்சு?”

“அதைத்தான உங்ககிட்ட கேட்க வந்திருக்கேன்!”

“மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டு எதனாலன்னு என்கிட்ட கேட்டா? நான் என்ன குறி சொல்றவளா?”

துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேருமே கத்திக்கொண்டிருந்தார்கள்.

எமல்டா மேஜையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துச் செங்குத்தாகப் பிடித்தாள்.

“படகுல ஆன்டெனா எப்படி இருக்கும்?”

“நிக்கும்.”

“உங்க மாடியில?”

கிளீட்டஸ் பேனாவையே பார்த்தார்.

“கேட்கிறேன்ல?”

“கைப்பிடிச் சுவரு மேல படுக்க வச்சிருக்கேன்.”

அவள் பேனாவைக் கீழே போட்டாள்.

“ஏன்?”

“நிறுத்தினா பக்கத்து வீட்டுலேர்ந்து தெரியும். பெலிக்ஸ் பொண்டாட்டி பார்ப்பா. மகன் குரலுக்கு ஏங்கிக்கிட்டு மாடியில கம்பி நட்டு வச்சிருக்கான்னு போன்ல சொல்லிச் சிரிப்பா.”

“அவன் நின்னுக்கிட்டுப் பேசுறான். நீங்க படுத்துக்கிட்டுக் கேட்கிறீங்க. பாதிக்கு மேல போயிரும். நிறுத்துங்க.”

“அவ சிரிச்சா?”

“சிரிக்கட்டும்! நிறுத்துங்க!”

போய் நிறுத்தினார். கைப்பிடிச் சுவரில் ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் தலையில் கம்பியைக் கட்டி, நேராக நிறுத்தினார். பழைய கேபிளையே மாட்டினார். பழைய மூலையிலேயே வைத்தார். யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். பெலிக்ஸின் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. சிரிக்க யாருமே இல்லாததும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வானிலை கேட்டது. எமல்டாவின் குரல்தான் என்று தெரிந்தது. ஆனால் அடியில் ஒரு சீறல். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, விடாமல். பக்கத்திலிருக்கிற துறைமுகமே இப்படி என்றால் நடுக்கடலில் இருந்து வருகிற குரல் என்ன ஆகும்?

போன் போட்டார். “டீச்சர், இன்னைக்கு மத்தியானம் படகு தாண்டுது. எனக்கு இது போதாது.”

“வர்றேன்.”

வந்தாள். மாடிக்குக்கூடப் போகவில்லை. நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை இறக்கினாள். ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. ஸ்கேனர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

சீறல் அப்படியே இருந்தது.

“பார்த்தீங்களா! வீட்டுல கரன்ட்டே இல்ல. ஆன்டெனாதான் சரியில்ல!” கிளீட்டஸுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அவள் ஸ்கேனரில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஆன்டெனாவைச் செருகினாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். சமையலறையில் சீறல் குறைந்தது. முன்னறையில் கூடியது. பக்கவாட்டு வராந்தாவில் அலறியது.

அங்கே சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு வயர் மேலே போனது. மேலே ஒரு கேமரா.

“இது எப்படி ஓடுது? மெயினை இறக்கிட்டேனே.”

“பேட்டரி வச்சிருக்கேன். கரன்ட்டை நிறுத்திட்டு வேலையைக் காட்டுவான்ல.”

“யாரு?”

“பெலிக்ஸ்தான். வேற யாரு?”

எமல்டா பெட்டியைத் திறந்தாள். ஒரு பேட்டரி. அதிலிருந்து கேமராவுக்குக் கரன்ட் கொடுக்கும் ஒரு மலிவுச் சாமான், தீப்பெட்டி அளவில். ஸ்கேனரை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். காதை அடைக்கிற மாதிரி கத்தியது.

“இதுதான்.”

“இதுவா? இது கேமரா. இது எப்படி...”

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

வீடு அமைதியானது. அந்த அமைதியில் ஸ்கேனர் ஒரு சேனலில் நின்றது. தூரத்தில் யாரோ ஒரு படகுக்காரர் இன்னொருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் தீர்ந்துபோச்சாம். ஒவ்வொரு கெட்ட வார்த்தையும் பளிச்சென்று கேட்டது.

“லைட்ஹவுஸுக்கு அந்தப் பக்கம் இருக்காரு அவரு,” என்றாள் எமல்டா.

கிளீட்டஸ் பாய்ந்து வந்து பிளக்கைத் திரும்பச் செருகினார். சீறல் வந்தது.

“என்ன பண்றீங்க?”

“கேமரா நின்னுபோச்சு டீச்சர்!”

“நிக்கத்தான் பிடுங்கினேன். அது அப்படி எதைப் பார்க்குது?”

அவர் போனை எடுத்துக் காட்டினார். திரையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து. சந்தில் ஒரு கல். எல்லைக்கல். பாதி மண்ணில், பாதி வெளியே.

“கல்லா?”

“ராத்திரியோட ராத்திரியா இந்தப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினவன் அவன். திரும்ப நகர்த்துவான்.”

“பெலிக்ஸண்ணன் கடல்ல இருக்காரு.”

“தெரியும்.”

“அவரு பொண்டாட்டி ஊர்ல இல்ல.”

“தெரியும்.”

“அப்போ கல்லை யாரு நகர்த்துவா? அதுவே எந்திரிச்சு நடந்து வருமா?”

“ஆள் வச்சிருப்பான்!”

எமல்டா அவரையே பார்த்தாள். பிறகு போன் திரையைப் பார்த்தாள். கல் அங்கேயே இருந்தது.

“இரைச்சல் இல்லாத சாமான் டவுன்ல கிடைக்கும். நாளைக்கு வாங்கி மாட்டித் தர்றேன். இன்னைக்குப் படகு தாண்டுற வரைக்கும் பிளக்கைப் பிடுங்கி வைங்க.”

“வேற வழி?”

“இல்ல.”

“ஆன்டெனாவை இன்னும் உசரத்துல கட்டினா?”

“பிளக்கைப் பிடுங்குங்க.”

“கொஞ்சம் தள்ளிக் கட்டினா? தென்னை மரத்துல?”

“அண்ணே! பிளக்கைப் பிடுங்குங்க!”

சந்துக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு, மெயினை ஏற்றிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

கிளீட்டஸ் சாப்பிடவில்லை. ஸ்கேனரில் ஆன்டெனா கேபிளை மாட்டி மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில், பெட்டிக்குக் கீழேயே உட்கார்ந்தார். படகு வரட்டும், வந்ததும் பிடுங்கிக்கொள்ளலாம். அதுவரை எதற்கு? இன்னொரு கையில் போன். போனில் கல்.

லைட்ஹவுஸ் பக்கத்தில் வெயில் வெள்ளையாக நின்றது.

ஸ்கேனர் சேனல் சேனலாகத் தாவியது. நின்றது.

முதலில் பெலிக்ஸின் குரல். சீறலுக்கு மேலே கொஞ்சம் எழும்பி, உடைந்து உடைந்து. “...இந்தா பேசு... அண்ணன் கேட்பான்...”

கிளீட்டஸ் எழுந்துவிட்டார். மடியில் இருந்த ஸ்கேனர் விழப் பார்த்தது, பிடித்துக்கொண்டார்.

“அப்பா.”

ஆல்ட்ரின்தான். வேறு யாரும் இல்லை.

“மக்களே!” என்று, மகனை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, ஸ்கேனரைப் பார்த்துக் கத்தினார். ஸ்கேனருக்கு வாய் கிடையாது.

“அப்பா, நான்...” சீறல். “...அங்க போய்ச் சேர்ந்ததும்...” சீறல்.

கை பெட்டிக்குப் போனது. பிளக்கைப் பிடித்தது. விரல்கள் இறுகின.

“...சித்தப்பா சொல்றாரு... அந்தக் கல்லை...”

கை நின்றது.

“கல்லையா?” என்றார் கிளீட்டஸ். “கல்லை என்ன? என்னடா செய்யப் போறான் கல்லை?”

சீறல்.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். சந்து. வெயில். கல். ஒரு நிழல் விழுந்த மாதிரி இருந்தது. காக்கையாக இருக்கலாம். ஆளாக இருக்கலாம். இப்போது போய் எப்படிக் கண்ணை எடுப்பது?

“...கேட்குதாப்பா? கேட்குதா? நான் திரும்பவும் சொல்றேன்...”

பிளக் கையில்தான் இருந்தது.

பிடுங்கவில்லை.