தலையில் சொட்டிய விலை

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஓர் அணில் முதன்முதலாகச் சொந்த வீடு தேடியது. அதுவரை மாமியார் கூட்டில் ஒண்டுக் குடித்தனம். குட்டிகள் பிறக்கப்போகின்றன, அங்கேயோ வால் நீட்டக்கூட இடமில்லை.

மருத மரத்தில் ஒரு பொந்து விலைக்கு வந்தது. ஆற்றங்கரைக்குக் குடிபோக இருந்த ஒரு வாயாடி மைனாதான் அதன் சொந்தக்காரர்.

"அரண்மனை தங்கச்சி, அரண்மனை! நூறு அத்திப்பழம். ஒண்ணு குறைஞ்சாலும் தரமாட்டேன்" என்றது மைனா.

அணிலுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, குழந்தைகளே! ஆனாலும் மரங்கொத்தியைக் கூட்டிவந்து காட்டியது. மரங்கொத்தி எல்லாப் பக்கமும் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தது.

"சுவர் நல்ல உறுதி. கரையான் இல்லை. ஆனா, கூரை நடுவில அழகுக்குன்னு மைனா ஒரு பூங்கொத்து தொங்கவிட்டிருக்கே, அதுக்குப் பின்னால ஒரு விரிசல். மழை பெய்தா ஒழுகும். பிசின் வச்சு அடைச்சிடலாம். என் கூலி இருபது பழம்."

அணிலின் முகம் வாடிவிட்டது. நமக்கு வீட்டு யோகம் இல்லை என்று திரும்பி நடந்தது. பாதி வழியில் நின்றது. ஒழுகுவது ஓர் இடம்தானே? சுவர் உறுதி என்றுதானே சொன்னார்?

மறுபடி மைனாவிடம் போய் விரிசலைச் சொன்னது.

"அது விரிசலா? காற்றோட்டம்!" என்று சிரித்தது மைனா.

அணில் வாக்குவாதம் செய்யவில்லை. வானம் கறுத்துத் தூறல் விழுந்ததும், "உள்ளே போய்ப் பேசுவோம் அண்ணே. வீட்டுக்காரர் நீங்க, நடுவில உட்காருங்க" என்று உபசரித்தது.

மைனா பெருமையோடு நடுவில் உட்கார்ந்தது.

"நூறு பழம்" என்றது. தலையில் ஒரு சொட்டு.

"சரி, தொண்ணூத்தஞ்சு." சொட்டு, சொட்டு.

"தொண்ணூறு!" அலகின் மேலேயே விழுந்தது. மைனா மெல்ல நகரப் பார்த்தது.

"ஏன் அண்ணே நகர்றீங்க? காற்றோட்டம் நல்லாத்தானே இருக்கு?"

மைனாவுக்கு வெட்கமாகிவிட்டது. சிறகை உதறிக்கொண்டு, "போதும் தங்கச்சி, பாதி விலைக்கே எடுத்துக்கோ" என்றது.

"பாதி எதுக்கு அண்ணே? சுவர் உறுதியான வீடு. அடைக்கிற கூலி இருபதை மட்டும் கழிச்சுக்கிட்டு எண்பது தர்றேன்."

மைனா சந்தோஷமாகத் தலையாட்டியது. அன்றைக்கே மரங்கொத்தி விரிசலை அடைத்தது.

அடுத்த பெருமழைக்குள் குட்டிகள் பிறந்துவிட்டன; அவை நனையாமல் தூங்கின. பக்கத்தில் அணில் வாலை நன்றாக நீட்டிப் படுத்திருந்தது.

நீதி: குறை தெரிந்தால் விட்டு ஓடாதே, அந்தக் குறையின் அளவுக்கு மட்டும் விலையைக் குறைத்துக் கேள்.