தூண் தலையில் ஏறிய ரொட்டி

அந்தக் காலத்தில் நைல் நதிக்கரைப் பேரீச்சை மரங்களுக்கும் வாய் இருந்தது, சும்மாவும் இருக்காது. அப்போது ஒரு ராஜா சூரியனுக்கென்று ஒரே கல்லில் நெடுந்தூண் ஒன்றை நிறுத்தினார். உச்சி அம்மிக்கல் மாதிரித் தட்டை. "காலை வெயில் முதலில் இதில்தான் விழ வேண்டும். அதுவரை வேலையாட்கள் யாரும் ஊர் திரும்பக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

பக்கத்தில் நின்ற பேரீச்சை மரமோ தூணைவிட நாலு விரல் உயரம். கோயில் மரம், வெட்டவும் முடியாது. "இன்னைக்கும் நான்தான் முதல்ல!" என்று தினமும் விடியலில் ஓலையை ஆட்டிச் சிரிக்கும்.

வேலையாட்களுக்கு ரொட்டி சுடும் தாமித்துக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தூரத்து ஊரில் அவள் மகளுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம் வேறு. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் எப்படி?

"மேல ஒரு கல்லை வச்சா என்ன?" என்று மேஸ்திரி ஹூயியிடம் கேட்டாள்.

"ஒட்டுப் போட்ட தூணுன்னு ராஜா என் தோலை உரிச்சிடுவார் தாயி. போய் ரொட்டியைப் பாரு."

ரொட்டியைத்தான் பார்த்தாள். நாலு பட்டை அச்சில் வெந்து, கூர்முனையோடு சாண் உயரத்துக்கு நின்றது. இது ஒட்டு மாதிரியா இருக்கிறது? கிரீடமல்லவா! மறுநாள் விடியலில் ராஜா பார்வையிட வருகிறார். ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் நின்ற நாரையிடம் ஓடினாள்.

"தூண் உச்சியில இதை நிறுத்தி வச்சிடு கண்ணு."

"எனக்கென்ன கிடைக்கும்?"

"வெயில் பட்டதும் ரொட்டி முழுசும் உனக்குத்தான்."

விடிந்தது. முதல் வெளிச்சம் ரொட்டியின் முனையில் பொன்னாய்ப் பற்றியது. மரத்துக்கு அன்றைக்கு இரண்டாம் இடம்தான்.

"என் தூணுக்குக் கிரீடம் வைத்தது யார்?" என்றார் ராஜா.

தாமித் முன்னால் வந்தாள். "நான்தான் ராஜா. அது வெறும் ரொட்டி. மகளைப் பார்க்கப் போகணும், வேற வழி தெரியல."

அதற்குள் நாரை பறந்து வந்து கிரீடத்தைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. ராஜா விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மேஸ்திரி, நாரை தின்ன முடியாதபடி இதையே கல்லில் செய்து வை. நீ கிளம்பு அம்மா. எல்லோரும் கிளம்புங்கள்."

ரொட்டி அச்சை ஹூயியிடம் கொடுத்துவிட்டுத் தாமித் படகேறினாள். பேத்தி பிறந்தபோது ஏந்தியது அவள் கைதான்.

அன்று முதல்தான் அந்த நாட்டு நெடுந்தூண்கள் தலையில் கூரான சின்னக் கல்லோடு நிற்கின்றன. காலை வெயிலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வீடுகளுக்கு வருகிறது.