பிரதானி ஒப்பமிடாத ஓலை

ஆடு திருடினாலும் இனித் தூக்குத்தான் என்று பாளையம் முழுக்கத் தண்டோரா போட்டார்கள். அதுவரை கொலைக்கு மட்டுமே தூக்கு. ஆடு திருடிய சந்தேகத்தில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தான் பொன்னுரங்கன். அவன் அக்கா செங்கேணி கயிறு திரிக்கிறவள். தூக்குக் கயிறு கேட்டு அவளிடமே ஆள் வந்தது.

ஊர்ச்சனத்தைக் கூட்டிக்கொண்டு பாளையக்காரரின் சபைக்குப் போனாள்.

“சாமி, தப்பான ஆளத் தூக்குல போட்டுட்டா?”

வழக்குகளை விசாரிப்பவரும் இந்தச் சட்டத்தை எழுதியவருமான மந்திரி, பிரதானி, சிரித்தார். “என் விசாரணை ஒருநாளும் தவறாது. பேசாமல் கயிற்றைத் திரி.”

“திரிக்கிறேன் சாமி. சட்ட ஓலையில ஒரு வரி மட்டும் சேருங்க. தொங்கினவன் குத்தமில்லாதவன்னு பின்னால தெரிஞ்சா, விசாரிச்சவருக்கும் அதே கயிறு. அதுக்குக் கீழ நீங்க ஒப்பம் போடுங்க.”

“போடுமய்யா,” என்றார் பாளையக்காரர்.

பிரதானி எழுத்தாணியை எடுத்தார், வைத்தார். “யோசிக்க நாலு நாள் வேண்டும், மகாராஜா.”

“தவறவே தவறாது என்றீரே?” பாளையக்காரர் ஓலையை வாங்கி இரண்டாக முறித்துப் போட்டார்.

செங்கேணி அப்போதுதான் மூச்சு விட்டாள். தம்பியின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் தன் பக்கத்தைச் சொல்ல அவன் உயிரோடு இருப்பான்.