கடைசிக் கவளம்

மருதாசல அடிகளின் மடத்தில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் சேர்ந்துதான் எழ வேண்டும். கடைசி ஆள் இலையை மூடும்வரை முதல் ஆள் கை கழுவக்கூடாது.

மற்றபடி அங்கே யாரும் எப்போதும் பாடலாம், தூங்கலாம், சண்டை போடலாம். குருவோடுகூட.

குருவுக்குச் சாப்பாடு பிடிக்கும். பாயசம் என்றால் மூன்று முறை வாங்குவார். நான்காவது முறை வேண்டாம் என்று கையை ஆட்டுவார். மெதுவாகத்தான் ஆட்டுவார்.

சீடர்கள் பன்னிரண்டு பேர். அதில் மாசிலா என்பவனுக்கு முப்பது வயது. அவன் தொண்டைக்குள் ஓர் ஊரே குடியிருந்தது. சமையல்கார வைரவன் உப்பைத் தேடும் குரல், மூத்த சீடர் சேந்தன் மூக்கால் பேசும் குரல், சளி பிடித்த ஆட்டின் குரல், அந்த ஆட்டை விற்க வந்தவன் அது நல்ல ஆடுதான் என்று சத்தியம் செய்யும் குரல்.

ஒருமுறை கதவுக்குப் பின்னால் நின்று குருவின் குரலில், "சேந்தா, தொட்டித் தண்ணி பழசாயிடுச்சே" என்றான். சேந்தன் எழுபது குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எழுபது குடம் இறைத்து ஊற்றினார். விஷயம் தெரிந்ததும் குருவிடம் போய் முறையிட்டார்.

குரு தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி தெளிவா இருக்கு. நானே சொல்லியிருக்கணும்."

அந்த ஐப்பசியில் மாசிலா பேசுவதை நிறுத்தினான்.

முதலில் இதுவும் ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். "இப்போ சுவர் மாதிரி செஞ்சு காட்டறான்" என்றான் வைரவன். மூன்று நாளாகியும் விளையாட்டு முடியவில்லை. பின்கட்டு அறையில், பாயில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அழவில்லை. தூங்கவுமில்லை. கொண்டுபோய் வைத்த சோறு வைத்த இடத்திலேயே காய்ந்தது.

வைத்தியர் கோமதியம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், அரை நாழிகை பேசாமல் பக்கத்தில் இருந்தார்.

வெளியே வந்து குருவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். "சூரணம் தர்றேன். ஆனா வெறும் வயித்துல அது நிக்காது. சோறு இறங்கணும். இப்படியே போனா ரெண்டு மூணு வாரம்தான் தாங்குவான்."

"என்ன நோவு?"

"கால் உடைஞ்சா வெளியே தெரியும். இது தெரியாது, அவ்வளவுதான். அவன் வேணும்னு செய்யலை. அதை மட்டும் யாரும் சொல்லாம பாத்துக்கங்க."

ஆனால் சொல்லிவிட்டார்கள். ஒருவன் திட்டினான். ஒருவன் பாடினான். வைரவன் அதிரசம் சுட்டுக்கொண்டு போய் மூக்கருகே நீட்டினான். சேந்தன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உலகம் எப்படி மாயை என்று விளக்கினார்.

"புரியுதா?"

"புரியுதுண்ணே" என்றான் மாசிலா, சுவரிடம்.

அவனுக்குப் புரிந்ததுதான் சேந்தனை உட்காரவிடவில்லை. குருவிடம் வந்தார்.

"சாமி, அவனை எப்படி எழுப்பறது?"

"இன்னிக்குப் பந்தி எங்க?"

"எப்பவும் போலக் கூடத்துல."

"பின்கட்டு அறையில போடு."

"அங்க நாலு பேர் உட்கார்ந்தா அஞ்சாவது ஆளுக்கு மூச்சு முட்டும் சாமி."

"முட்டட்டும்."

பதின்மூன்று இலை போட்டார்கள். ஒருவர் முழங்கால் இன்னொருவர் இலைமேல் கிடந்தது. மாசிலாவின் பாயோரம் ஓர் இலை, அதற்குப் பக்கத்தில் குருவின் இலை. வைரவன் ஒற்றைக்காலில் நின்று பரிமாறினான்.

சாப்பிட்டார்கள். முடித்தார்கள். மாசிலாவின் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவன் திரும்பவே இல்லை.

யாரும் எழ முடியாது. சட்டம் அப்படி.

குரு போன வருஷத்து மழையைப் பற்றிப் பேசினார். மலைமேல் பார்த்த ஓர் உடும்பைப் பற்றிப் பேசினார். எல்லோர் விரலிலும் தயிர் காய்ந்து தோலை இழுத்தது. கால் மரத்தது. ஓட்டுச் சந்து வழியாக வெயில் ஒரு பொட்டாக விழுந்து, முதல் இலையிலிருந்து இரண்டாவது இலைக்கு நகர்ந்தது.

சேந்தன் பொறுத்துப் பார்த்தார். வெயில் நாலாவது இலையைத் தொட்டபோது அவரால் முடியவில்லை.

"மாசிலா, கொஞ்சம் திரும்பிப் பாரு. உனக்காகப் பன்னிரண்டு பேர் எச்சிக் கையோட உட்கார்ந்திருக்கோம். சாமி உட்கார்ந்திருக்காரு. அவரு வயசென்ன, உன் வயசென்ன."

மாசிலா சட்டென்று எழுந்தான். கண்கள் எங்கோ இருந்தன. இரண்டு கையாலும் சோற்றை அள்ளி வாயில் திணித்தான். மூன்றாவது பிடியில் எல்லாம் வெளியே வந்தது. குருவின் இலை ஓரத்திலும் தெறித்தது.

"மன்னிச்சிருங்க" என்றான். "மன்னிச்சிருங்க. எல்லாரும் எழுந்திருங்க. என்னால எல்லாருக்கும்..."

குரு தன் மேல்துண்டை எடுத்து அவன் வாயைத் துடைத்தார். தரையைத் துடைத்தார். பிறகு சேந்தனைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் சேந்தனுக்குப் பயமாக இருந்தது.

"அவனுக்காக உட்கார்ந்திருக்கோம்னு உனக்கு யாருடா சொன்னது?"

"பின்னே யாருக்காக சாமி?"

குரு தன் இலையைக் காட்டினார். நடுவில், எலுமிச்சம்பழ அளவில், ஒரு கவளம் தயிர்சோறு இருந்தது.

"நான் இன்னும் முடிக்கலையே."

எல்லோரும் அந்தக் கவளத்தைப் பார்த்தார்கள். மாசிலாவும் பார்த்தான். பிறகு பாயில் சாய்ந்து தன் இலையை மூடினான். அவன் மூடிய பிறகுதான் குரு தன் இலையை மூடினார். கவளம் உள்ளேயே இருந்தது.

"இன்னிக்கு எனக்கும் இறங்கலை" என்று எழுந்தார். கவளத்தைக் கொண்டுபோய் மதில்மேல் வைத்தார். அணில் வந்தது.

மறுநாளும் பந்தி அங்கேதான். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் மாசிலா திரும்பிப் படுத்தான். ஐந்தாம் நாள் ஒரு வாய் கஞ்சி குடித்தான், சூரணம் சாப்பிட்டான். அந்த ஒரு வாய்க்கு வெயில் ஆறு இலை தாண்டியது. வைரவனுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது.

"அண்ணே, என் தயிர்சோத்துல என்ன கோளாறு? சாமி தினமும் ஒரு உருண்டையை அணிலுக்குப் போடறாரு."

"வாயை மூடிக்கிட்டு உட்காருடா" என்றார் சேந்தன்.

எப்போதும் மாசிலாவுக்கு அடுத்துத்தான் குருவின் இலை மூடும். ஒரு நாள்கூட மாசிலா கடைசி ஆளாக இல்லை.

வேறு ஒன்றும் நடந்தது. அதை எப்படிச் சொல்வதென்று அவர்களுக்கே தெரியவில்லை. முதல் வாரம் அந்தக் காத்திருப்பு சிறையாக இருந்தது. இரண்டாவது வாரம், காய்ந்த கையோடு இருக்கும்போது, ஓட்டின்மேல் ஓணான் ஓடும் சத்தம் கேட்டது. மலையின் பின்பக்கம் அருவி இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மடத்திலிருந்து அது கேட்கும் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு பேர் மூச்சும் ஒரே மூச்சாகி, மெல்ல, படுத்திருப்பவனின் மூச்சோடு போய்ச் சேர்ந்தது. சேந்தன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வெயில் பொட்டு மாசிலாவின் இலையில் நின்றது. ஒவ்வொரு பருக்கையும் விளக்கு மாதிரி எரிந்தது. நாற்பது வருஷமாகச் சோறு தின்கிறார், சோற்றை அன்றுதான் பார்த்தார்.

கோமதியம்மாள் மறுபடி வந்தார். விஷயம் தெரியாமல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டு எழப் போனவரை வைரவன் தடுத்தான்.

"எனக்கு இன்னும் மூணு ஊர் போகணும்ப்பா."

"சட்டம்மா."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏழு இலை நகர்ந்தது. கிளம்பும்போது குருவிடம், "சூரணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். வண்டியில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் மாட்டை ஓட்டச் சொல்லவே இல்லை.

இருபதாம் நாள் மாசிலா எழுந்து உட்கார்ந்தான். அரை இலைச் சோறு இறங்கியது. எல்லோரும் கண்ணாலேயே கொண்டாடினார்கள். இருபத்தொன்றாம் நாள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தான்.

அன்று இலை போடும்போது சேந்தன் மாசிலாவின் இலையை இரண்டு முறை துடைத்தார். குரு வழக்கம் போல உட்கார்ந்தார்.

அன்றுதான் மாசிலா தன் நோவைப் பற்றி வாயைத் திறந்தான்.

"சாமி, எனக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்க. இப்போ ஒருத்தருமில்லை. என் குரலே யாரோ தூரத்துல பேசற மாதிரி இருக்கு."

"சரி."

"இது சரியாகலைன்னா?"

"நாளைக்கும் பந்தி இருக்கு."

"நாளான்னிக்கு?"

"வைரவா, நாளான்னிக்கு என்னடா சமையல்?"

"வத்தக்குழம்பு சாமி."

"வத்தக்குழம்பாம்" என்றார் குரு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனிடம். "ரசம் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

வெகு நேரம் கழித்து மாசிலா சொன்னான். "கொஞ்சம்."

மார்கழி பிறந்தது. தை வந்தது. மாசிலா பாயை மடித்து மூலையில் வைத்தான். கிணற்றடிக்குப் போய்க் குளித்தான். சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. பந்தியைப் பழையபடி கூடத்துக்கு மாற்றலாமா என்று சேந்தனும் கேட்கவில்லை. அந்த இடுக்கில் முழங்கால் இடிபடாமல் சாப்பிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லை.

தைப்பூசத்தன்று பாயசம். குரு மூன்று முறை வாங்கினார்.

மாசிலா நிதானமாகச் சாப்பிட்டான். அவன் இலை காலியாகிக்கொண்டே வந்தது. எல்லோரும் வேறெங்கோ பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் அவன் இலையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கவளம் இருந்தது. அதோடு நிறுத்தினான். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

குருவின் இலையிலும் ஒரு கவளம் இருந்தது.

இரண்டு இலை, இரண்டு கவளம். மாசிலா குருவின் இலையைப் பார்த்தான். குரு மாசிலாவின் இலையைப் பார்த்தார். வெயில் ஓர் இலை நகர்ந்தது. யாரும் அசையவில்லை. அருவி கேட்டது.

அப்போது சேந்தனின் குரல், மூக்கால், பணிவாக, கொஞ்சம் சலிப்போடு சொன்னது.

"சாமி, வெயில் சாயுது. பந்தி எழலாமா?"

சேந்தன் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூடித்தான் இருந்தது.

வைரவன் அவரைப் பார்த்தான். பிறகு மாசிலாவைப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் பறந்துவிடுமோ என்று பதினொரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். சேந்தனின் கண்ணில் நீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது.

"நான் அப்படியா பேசறேன்?" என்றார்.

"இன்னும் மோசமாண்ணே" என்றான் மாசிலா, தன் குரலில்.

குரு தன் கவளத்தை எடுத்தார். மாசிலாவும் எடுத்தான். இருவரும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்கள். குரு கண்ணை மூடி, பாயசத்தைவிட மெதுவாக, அதை மென்றார்.

எல்லா இலையும் மூடின. கிணற்றடியில் குருவின் கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது சேந்தன் கேட்டார்.

"சாமி, மூணு மாசமா அந்தக் கவளத்தை நீங்க சாப்பிடவே இல்லை. இன்னிக்குத்தான் சாப்பிட்டீங்க."

"ஆமா."

"யாரு சாமி உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

குரு கையை உதறினார். பின்கட்டு அறையின் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சுவர்ல, படுத்தா கண்ணுக்கு நேரா, ஒரு விரிசல் இருக்கு. ஆத்து மாதிரி ஓடி, மூணாப் பிரியும். உனக்குத் தெரியாது, நீ அங்க படுத்ததில்லை. நான் ஒரு வருஷம் பார்த்துக்கிட்டிருந்தேன். அப்போ என் குரு இலையில ஒரு கவளம் மிச்சம் இருந்துச்சு. அதைத்தான் இன்னிக்குச் சாப்பிட்டேன்."