மடித்து வைத்த அத்தியாயம்

விடை சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் இதைக் கேளுங்கள்.

கீழத்தெருப் படிப்பகத்தில் ஒரு விதி உண்டு. எடுத்த நூலை ஒரு வரியும் விடாமல் உரக்க வாசிக்க வேண்டும். மந்திரத்தை முணுமுணுத்து ஊரை ஏய்த்தவர்களுக்கு எதிராக அறவாழி இளவயதில் போட்ட விதி அது. சிறை, தடியடி, துண்டறிக்கை என்றே தேய்ந்த மனிதர். மறுநாள், வாசலோடு நிறுத்தப்பட்டு வந்த கீழத்தெரு தடையை மீறிக் குன்றுக் கோயிலுக்குள் நுழையப்போகிறது. ஆள்பலம் போதாது. அதனால் போன வாரம் அவரே ஓடைக்கரைக்கு நடந்து, தம் தெருவுக்கும் கீழாக வைக்கப்பட்ட மக்களைத் துணைக்கு அழைத்திருந்தார்.

நுழைவுக்கு முந்திய மாலை ஆசிரியை மரகதம் ஒரு வரலாற்று நூலை வாசித்தாள். அறவாழி தாம் படித்து முடித்து, போன மாதம் படிப்பகத்துக்குக் கொடுத்த நூல். குன்றில் ஆதியில் சமணர் இருந்தனர், எல்லாக் குடிகளும் அங்கே கும்பிட்டனர் என்றது அது. துணைக்கு வந்திருந்த ஓடைக்கரைச் சடையன் சீழ்க்கையே அடித்துவிட்டுச் சொன்னார்:

"இனி பூசாரிதான் நம்மகிட்ட அனுமதி கேக்கணும்!"

சிரிப்பு அடங்கியது. அடுத்து, வெள்ளைக்காரன் சட்டம் பற்றிய அத்தியாயம். அதன் முதல் பக்கம் முனை மடிந்திருந்தது.

"அதை விடும்மா. நாளைக்கு வேலை கிடக்கு" என்றார் அறவாழி.

"விதி நீங்க போட்டதுதானே, தோழர்?"

மரகதம் வாசித்தாள். கோயில் வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது கீழத்தெருப் பெரியவர்கள் சாட்சி சொன்னார்களாம்: 'வாசல்வரை வருவது எங்கள் வழக்கம். ஓடைக்கரையார் எங்களுக்குப் பின்னால்கூட நிற்பதில்லை.' துரை அதை அப்படியே தீர்ப்பில் எழுதினார். வழக்கம் சட்டமானது.

அறவாழி எழுந்து அவள் கையிலிருந்த நூலை வாங்கிக்கொண்டார். ஆயுள் முழுதும் செய்த போராட்டம் ஒரே பக்கத்தில் கவிழும்போலிருந்தது.

சடையன் எழுந்தார். "நாளைக்கு வர்றோம்ணே. ஆனா முன்வரிசை எங்களுக்கு."

"எங்க பின்னாடி நடந்தா கால் தேஞ்சிடுமா?" என்றது ஒரு குரல். "அப்படின்னா பாதித் தெரு வராது" என்றது இன்னொன்று.

எல்லோரும் அறவாழியைப் பார்த்தார்கள். கொடுத்தால் தெரு உடையும். மறுத்தால் ஓடைக்கரை போய்விடும்.

மறைக்கப் பார்த்தவர், வாசித்தவள், முன்வரிசை கேட்டவர்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: போராட்டத்தைக் காக்கவே அறவாழி மறைத்தார் என்பீர்கள். அவரே மடித்த முனையை மறக்காதீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் அவர் ஓடைக்கரையில் ஆள் கேட்டார். மரகதம் விதியைக் காத்தாள். அது பாதி வேலை. சடையனே சரி. பின்னால்கூட நிற்பதில்லை என்று சொன்ன தெரு, அவர்களை முன்னால் விட்டு நடக்க வேண்டும். பழைய சாட்சியைத் திருப்பி வாங்க வேறு வழி இல்லை. இது அறவாழிக்கும் தெரியும். ஆனாலும் அவர், மடித்த முனையை நகத்தால் நீவி நீவி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.