வாடாமுகன் புதைத்த பானை

ஆறுகளுக்கு மனிதர் இன்னும் அணை கட்டியிராத நெடுங்காலத்துக்கு முன், கடம்பாழி என்றொரு நாடு இருந்தது. பெரியோரே, சிறியோரே, அந்நாட்டின் ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அங்கே உப்புநீரும் நன்னீரும் கலந்த கழி ஒன்று. கழியின் கரையெங்கும் அலையாத்திக் காடு. காட்டின் காலடியில் முழங்கால் புதையும் கருஞ்சேறு.

அந்தச் சேற்றில் இறால் பிடித்துப் பிழைத்தவள் சேந்தி. அவளிடம் வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. நீரில் குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பாள். பிடித்ததைப் போட்டுவைக்க ஓலையால் முடைந்த பை ஒன்று உண்டு. அதற்குப் பறி என்று பெயர். கைகளுக்கு ஓயாத வேலை என்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வாள். வாய் திறந்தால் பறி நழுவும். பறி நழுவினால் அன்றைய உழைப்பெல்லாம் தண்ணீரோடு போகும். ஆகவே, பறி கவ்வியவர் பேசலாகாது என்பது அவர்கள் குலத்தின் கட்டுப்பாடு.

"கரையேறினால் இவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. இவள் கழியில் இறங்கினால்தான் எனக்கு நிம்மதி" என்பான் அவள் கணவன் கடலன்.

"நீயும் ஒரு பறியைக் கவ்விக்கொண்டு இறங்கு. ஊருக்கே நிம்மதி" என்பாள் சேந்தி.

அவர்களுக்குத் தும்பி என்று ஆறு மாதப் பெண் குழந்தை.

கடம்பாழியின் மன்னன் இளவெயினன் கழிக்கரையில் புது மாளிகை கட்டினான். நீர் வற்றும் வேளைகளில் சேற்றின் நாற்றம் சாளரம் வழியே நுழைந்தது. சந்தனம் எரித்தும் அது போகவில்லை. அப்போதுதான் மந்திரவாதி வாடாமுகன் வந்தான். அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அவன் வயதை அறிந்தவரும் இல்லை.

"அழுகல் என்பதையே இந்தக் கழியிலிருந்து எடுத்துவிடுகிறேன், மன்னா. கூலி வேண்டாம். கழி நடுவே நான் இருக்கும் திட்டுக்கு யாரும் வரக்கூடாது, அது போதும்" என்றான்.

கூலி கேளாமல் வந்தவனிடம் காரணம் கேட்டிருக்க வேண்டும். மன்னன் கேட்கவில்லை.

ஊரார் பார்த்திருக்க, வாடாமுகன் மூன்று பிடி சேற்றை ஒரு பானையில் இட்டான். "இலையே மட்காதே. மீனே மட்காதே. உடலே மட்காதே" என்று மூன்று முறை ஓதி, வாயை மூடி, கழியின் நடுத்திட்டில் நின்ற முதிய மரத்தடியில் புதைத்தான்.

அன்றே நாற்றம் நின்றது. முதல் மாதம் ஊர் கொண்டாடியது. பிடித்த மீன் பத்து நாளானாலும் வெள்ளிபோல் மின்னியது. இரண்டாம் மாதம், உதிர்ந்த இலைகள் உதிர்ந்தபடியே குவிந்தன. மஞ்சள் நிறம்கூட மாறவில்லை. மூன்றாம் மாதம், சேறு களிமண் பொம்மைபோல் இறுகியது. புழு இல்லை. நண்டு வளைகள் வெறுமையாயின. சேந்தியின் விரல்களில் இறால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் அடுப்பு அணைந்தது. பின் அவள் மார்பில் பால் வற்றியது. தும்பி அழுது அழுது குரல் மெலிந்தாள்.

சேந்தி குழந்தையோடு அரண்மனைக்குப் போனாள்.

"மன்னா, இலை மட்கினால்தான் சேறு. சேறு இருந்தால்தான் புழு. புழு இருந்தால்தான் இறால். இறால் இருந்தால்தான் நாங்கள்" என்றாள்.

"நாற்றத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டு வந்த முதல் குடிமகள் நீதான்" என்றான் மன்னன் சிரித்தபடி.

"உங்கள் தட்டில் மீன் விழுந்து எத்தனை நாளாயிற்று, மன்னா?"

மன்னன் சிரிப்பு அடங்கியது. பானையை எடுத்துவர, அவன் படைத்தலைவனைத் திட்டுக்கு அனுப்பினான்.

"யார் நீ?" என்றான் வாடாமுகன். "நான் கடம்பாழியின் படைத்தலைவன்" என்றான் அவன். சொல்லி முடித்த கணமே உப்புச் சிலையானான். அடுத்து அமைச்சர் போனார். "எதற்கு வந்தீர்?" என்றான். "சமாதானம் பேச" என்றார், சிலையானார். மூன்றாவதாக, குழந்தையின் முகத்தைக் காணப் பொறாமல் கடலன் படகை எடுத்தான். "யாருக்காக வந்தாய்?" என்றான் வாடாமுகன்.

"என் மகள்..." என்று தொடங்கிய கடலன், தொடங்கியபடியே உறைந்தான்.

சேந்தி கரையிலிருந்து மூன்று சிலைகளையும் உற்றுப் பார்த்தாள். ஒருவர் மேலும் வாள் படவில்லை, கை படவில்லை. ஆனால் மூவர் வாயும் திறந்திருந்தது.

அவள் குழந்தையைக் கடலனின் தங்கை நீலியிடம் கொடுத்தாள்.

"அண்ணி, அவனுக்குப் பதில் சொன்னால்தான் ஆபத்து என்றால், உங்களால் பேசாமல் இருக்க முடியுமா?" என்றாள் நீலி, கண்ணீருக்கு நடுவே.

"பறி இருக்கிறதே" என்றாள் சேந்தி. வெறும் பறியை எடுத்துக் கயிற்றைக் கவ்வினாள், இறங்கினாள்.

நீர் வற்றியிருந்த வேளை அது. அவள் திட்டை அடைந்து மரத்தடியில் கை நுழைத்தபோது கடல் திரும்பி ஏறத் தொடங்கியது. நீர் முழங்காலுக்கு வந்தது.

"பசியா, மகளே? ஒரு சொல் சொல், பொன் தருகிறேன்" என்றான் வாடாமுகன்.

அவள் கயிற்றைக் கவ்வினாள், சேற்றைத் துழாவினாள். கையில் வேர் பட்டது. நீர் மார்புக்கு ஏறியது.

"உன் கணவனை விடுவிக்கட்டுமா? ஆம் என்று சொல், போதும்."

கடலனின் உப்புத் தோள் அவள் எதிரிலேயே நின்றது. அவள் கயிற்றைக் கவ்வினாள், சேற்றைத் துழாவினாள். கையில் சிப்பி பட்டது, அதைப் பிடித்துக்கொண்டாள். நீர் மோவாயைத் தொட்டது.

வாடாமுகன் குனிந்து, மிக மெல்லச் சொன்னான்: "குழந்தையின் அழுகை நின்றுவிட்டது, கேட்டாயா? கரையைப் பார்த்து ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிடு. உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?"

அழுகை நின்றுதான் இருந்தது. சேந்தி கரைப் பக்கம் திரும்பினாள். அவள் கயிற்றைக் கடித்தாள். ஈறு கிழிந்து இரத்தம் உப்புநீரில் கலந்தது. மூச்சை அடக்கித் தலையை நீருக்குள் அமிழ்த்தினாள். விரல்கள் ஒரு பானையின் விளிம்பைத் தொட்டன. சிப்பியால் ஒரு முறை அடித்தாள், இரண்டு முறை அடித்தாள், மூன்றாம் முறை பானை உடைந்தது.

நீர் குமிழியிட்டது. நாற்றம் எழுந்தது. மூன்று மாத நாற்றம் ஒருங்கே எழுந்து மாளிகையின் மாடம்வரை போயிற்று. குவிந்த இலைகள் கறுத்து நெகிழ்ந்து அடியில் இறங்கின.

வாடாமுகனின் முகத்தில் முதல் சுருக்கம் விழுந்தது. அவன் முந்நூறு ஆண்டுகளாகத் தன் முதுமைக்கு அஞ்சி, கழி கழியாகச் சென்று அழுகலைப் புதைத்து வந்தவன். இப்போது அவன் தோல் பழுத்த இலைபோல் மஞ்சளானது.

"எனக்கு... இனி நான் என்ன ஆவேன்?" என்றான், குழந்தைபோல.

நீருக்கு மேல் தலை தூக்கிய சேந்தி கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"பயப்படாதீர்கள், ஐயா. முதலில் சேறாவீர்கள். பிறகு இறாலாவீர்கள்."

அவன் அமைதியாகச் சரிந்தான். சேறு அவனையும் ஒதுக்கவில்லை.

"...தும்பிக்காக வந்தேன்" என்று சொல்லி முடித்த கடலன், எதிரே மந்திரவாதியைக் காணாமல் திகைத்தான். படைத்தலைவனும் அமைச்சரும்கூட உயிர் பெற்று நின்றனர். மனைவியோ அவன் கையைப் பற்றிக் கரைக்கு இழுத்துக்கொண்டு நீந்தினாள். தும்பி நீலியின் விரலைச் சப்பியபடி கண் விழித்திருந்தாள்.

மன்னன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தான். கால் புதைய நின்று மன்னிப்புக் கேட்டான். கழி தேறும்வரை அரண்மனைப் பசுக்களின் பால் சேந்தியின் தெருவுக்கு வந்தது.

அன்பர்களே, உதிர்ந்ததை அருவருக்காதீர்கள். இன்று உங்கள் கிண்ணத்தில் இருப்பது நேற்று எங்கோ மட்கியதுதான். மட்க மறுப்பவன் தான் ஒருவன் வாழ்வதற்காகப் பிறர் அனைவரையும் பட்டினி போடுகிறான்.

மழைக்காலம் போனதும், அந்த முதிய மரத்தடியில் சேந்தியின் பறி நிறைந்தது. கடலன் குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதில் அவனும் இருப்பானோ?"

"இருப்பான்" என்றாள் சேந்தி, தும்பிக்குப் பால் கொடுத்தபடி. "கொஞ்சம் புளி கூடக் கரைத்து ஊற்று."